அக்கரைக் கோட்டை

ரோசி செத்து வருஷம் திரும்புவதற்குள், அவள் புருஷன் ஜேக்கப்புக்கு அவள் தங்கை ஃப்ளோரன்ஸையே கட்டிவைப்பது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. ஃப்ளோரன்ஸை யாரும் கேட்கவில்லை. அவளுக்கு அது தெரியவந்ததே தெருக்குழாயடியில்தான். குடத்தோடு முறைக்குக் காத்து நின்றவளைப் பார்த்துப் பக்கத்து வீட்டு மலர்க்கொடி, "இன்னா கண்ணாலப் பொண்ணே, இன்னும் நீயேவா தண்ணி தூக்கினுகீற?" என்று சிரித்தாள்.

ஃப்ளோரன்ஸ் முதலில் அதைக் கேலி என்றுதான் நினைத்தாள். வீட்டுக்கு வந்து அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் கேலி இல்லை என்று தெரிந்தது.

"அதுக்கு இன்னா இப்போ?" என்றாள் அம்மா சிலுவையம்மாள், அரிசியில் கல் பொறுக்கியபடி. "வேற எவளாவது வந்தா இந்தக் கொயந்தயப் பாத்துக்குவாளா? சோறு போடுவாளா, சூடு போடுவாளா, யாரு கண்டா? நீ எங்கயும் போவப்போறது இல்ல. இதே வூடு, இதே கொயந்த. பரிச்ச எய்தினதும் கோயில்ல கண்ணால ஓலை வாசிச்சிடலாம்னு சாமியார் கிட்ட சொல்லிகீறோம்."

நீ எங்கயும் போவப்போறது இல்ல. அம்மா அதை ஆறுதலாகத்தான் சொன்னாள். ஃப்ளோரன்ஸுக்கு அந்த வார்த்தை மட்டும் காதை விட்டுப் போகவில்லை.

அவர்கள் வீடு ராயபுரம் பனைமரத்தொட்டியில் ஒரு சந்தின் கோடியில் இருந்தது. சந்து அந்த வீட்டோடு முடிந்துவிடும். அதற்கப்பால் ரயில்வேயின் உயரமான சுவர். ஒரே அறை. நடுவில் பழைய புடவையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். அப்பா பாஸ்கல் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டினார். ஜேக்கப்புக்குக் கூட்ஸ் யார்டில் வேலை. ரோசி பிரசவத்தில் போனபிறகு, குழந்தை இங்கேயே வளர்ந்ததால் அவனும் இங்கேயே தங்கிவிட்டான். அமைதியான மனிதன். அதிர்ந்து பேசமாட்டான். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் வேண்டாம் என்று சொல்வது எளிதாக இருந்திருக்கும் என்று ஃப்ளோரன்ஸ் பலமுறை நினைத்திருக்கிறாள். குழந்தை லூர்துமேரி அவளைத்தான் "ம்மா" என்று கூப்பிட்டது. அவள் பள்ளிக்கூடம் கிளம்பினால் அழும். திரும்பி வந்ததும் தோளில் ஏறினால் இறங்காது.

அது எண்ணூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி பாதி எழும்பி நின்ற காலம். ஃப்ளோரன்ஸ் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அங்கே சரித்திரமும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் ஊனா அயர்லாந்துக்காரர். நெடுநெடுவென்று உயரம், வெயிலில் தக்காளியாகச் சிவந்துபோகும் முகம். அவர் தம் ஊர் விளையாட்டான ஹர்லிங்கைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். நுனி அகன்று வளைந்த மட்டை வேண்டும் அதற்கு. காசிமேட்டில் படகு கட்டும் ஆசாரியிடம் போய், படகின் விலாவுக்கு வைக்கும் வளைந்த வேலங்கட்டையில் மட்டைகள் செய்து வாங்கி வந்தார். பந்தைத் தரையிலும் அடிக்கலாம், அந்தரத்திலும் அடிக்கலாம், மட்டையின் நுனியில் ஏந்திக்கொண்டு ஓடவும் செய்யலாம். குறுக்குக் கம்புக்குக் கீழே அடித்தால் மூன்று புள்ளி, மேலே அடித்தால் ஒன்று. மதில்மேல் ஏறி வேடிக்கை பார்த்த தெருப்பையன்கள் அதற்குக் 'கன்னியாஸ்திரி சிலம்பம்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பரீட்சைக்கு முன்னால் வகுப்பை எண்ணூர் ஆற்றுக்கு அக்கரையில் இடிந்து கிடந்த பழைய கோட்டைக்கு அழைத்துப்போவதாகவும், அங்கேயே மணலில் ஏ பிரிவுக்கும் பி பிரிவுக்கும் போட்டி வைப்பதாகவும் சிஸ்டர் அறிவித்தார்.

"கோட்டையாம், ஆட்டமாம்," என்று அம்மா சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். "கொயந்தய யாரு பாத்துக்குவா? எனுக்கு முட்டி வலி உசுரு போவுது."

பாஸ்கல் மீன்முள்ளை எடுப்பதிலேயே கவனமாக இருந்தார். ஜேக்கப் தட்டிலிருந்து நிமிராமல், "போய்ட்டு வரட்டும் அத்தை. ஒரு நாள்தானே," என்றான்.

"அவரே சொல்லிட்டாரு. அப்பால இன்னா? போ," என்றாள் அம்மா.

ஃப்ளோரன்ஸுக்குச் சந்தோஷப்பட வேண்டும்போலத்தான் இருந்தது. ஆனால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது. இனி கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் கடற்கரைக்கும், சாகும்வரை இந்த மனிதர் தட்டிலிருந்து நிமிராமல் 'போகட்டும்' என்று சொன்னால்தான் உண்டு.

*

வண்ணாரப்பேட்டையில் ரயிலேறி எண்ணூரில் இறங்கி, நடந்து, நெட்டுக்குப்பத்தில் படகு பிடித்து அக்கரை சேர்ந்தார்கள். கரித்தூள் படிந்த வெள்ளைத் தாவணிகளோடு பெண்கள் கத்திக்கொண்டே மணலில் குதித்தார்கள். பின்னால் ஆறு, முன்னால் கடல். நடுவில் தாழம்புதரும் பனையும் முளைத்த மணல்திட்டில் கோட்டை கிடந்தது. கோட்டை என்று சொல்லத்தான் பெயர். ஆள் உயரத்துக்குமேல் நின்றது ஒரே ஒரு நீளச் சுவர்தான். மற்றதெல்லாம் மணலுக்குள் அமிழ்ந்த செங்கல் மேடு; அதன்மேல் அடம்பங்கொடி படர்ந்து ஊதாப்பூ பூத்திருந்தது. டச்சுக்காரன் கட்டியது என்பார்கள், போர்த்துக்கீசியன் கட்டியது என்பார்கள். யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது.

"எனக்கும் தெரியாது," என்று சிஸ்டர் ஊனா தம் வேதாகமத் தமிழில் ஒப்புக்கொண்டார். "கடலைப் பார்த்துக் கட்டியவர்கள் கடலுக்குப் பயந்தவர்கள் என்பது மட்டும் தெரிகிறது. பெண்களே, இந்தச் சுவருக்கு அப்பால் ஒருவரும் போகலாகாது. அடியில் நிலவறைகள் உண்டு என்று படகுக்காரர் சொல்லுகிறார்."

கொண்டுவந்த புளிச்சோற்றைச் சுவர் நிழலில் சாப்பிட்டுவிட்டு ஆட்டத்தைத் தொடங்கினார்கள். குப்பத்தில் இரவல் வாங்கிய மூங்கில்களை நட்டுக் கோல் கட்டினார்கள். ஒரு பக்கத்துக் கோல் அந்தச் சுவருக்கு முன்னால் அமைந்தது. அதைக் காத்தவள் பி பிரிவு மலிகா. தொண்டையார்பேட்டையில் தோல் மண்டி வைத்திருந்தவரின் மகள். தாவணி முனையைத் தலையைச் சுற்றி இறுக்கி முடிந்துகொண்டு, மட்டையைக் குறுக்கே பிடித்து நிற்பாள். அவளைத் தாண்டிப் பந்து போவது அபூர்வம். அவள் விளையாடுவது அவள் வீட்டில் தெரியாது. தையல் வகுப்பு என்று சொல்லிவைத்திருந்தாள்.

ஏ பிரிவுக்காக ஃப்ளோரன்ஸ் அன்று ஆடிய ஆட்டத்தைப் பிறகு வெகுநாள் பெண்கள் பேசிக்கொண்டார்கள். மணலில் கால் புதையப் புதைய ஓடினாள். எதிரே வந்தவர்களை இடித்துத் தள்ளினாள். சிஸ்டர் இரண்டு தடவை விசில் ஊதிக் கண்டித்தார். பந்து மட்டையில் பட்டு, தோள்வரை அதிர்ந்து, கையை விட்டுப் பறந்துபோகும் அந்த ஒரு நொடிக்காக அவள் திரும்பத் திரும்ப ஓடினாள். அந்தப் பந்து மட்டும்தான் அந்த வாரம் முழுவதும் அவள் சொன்னபடி கேட்ட பொருள்.

கடைசியில் ஆட்டம் சமநிலையில் இருந்தபோது பந்து அந்தரத்தில் அவளிடம் வந்தது. முழுப் பலத்தோடு வீசினாள். பந்து மலிகாவின் தலைக்கு மேலே, மூங்கிலுக்கு மேலே, கோட்டைச் சுவருக்கும் மேலே போய் அப்பால் விழுந்தது. ஏ பிரிவுப் பெண்கள் துள்ளிக் குதித்துச் சிஸ்டரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அட்ச்சது நீ. நீயே போய் எடு," என்றாள் மலிகா மூச்சிரைக்க.

"ஒன்னத் தாண்டித்தான போச்சு? நீயும் வா."

இருக்கிற பந்து அது ஒன்றுதான். தோல் தைத்துக் கொடுத்ததே மலிகாவின் அத்தா மண்டியில் வேலை செய்யும் ஆள். இருவரும் மட்டையோடு சுவரின் உடைந்த கோடியைச் சுற்றி அப்பால் போனார்கள். கொடிப்படர்ப்பின் நடுவே பந்து வெளுப்பாகத் தெரிந்தது. மலிகா முதலில் கால் வைத்தாள். கொடி அமுங்கியது. ஃப்ளோரன்ஸ் அவள் கையைப் பிடித்தாள். மறுநொடி இரண்டு பேருக்கும் காலடியில் தரை இல்லை.

*

மணலும் செங்கலுமாக அவர்கள்மேல் கொட்டி முடிந்தபோது ஃப்ளோரன்ஸ் இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தாள். கிணறுபோல இருட்டு. மேலே கூரையில் அவர்கள் விழுந்த ஓட்டை, கிழிந்த கொடிகள் தொங்க, ஒரு கூடை அளவுக்கு வெளிச்சமாக இருந்தது. கையை நீட்டினால் எட்டாது, குதித்தாலும் எட்டாது. வளைந்து இறங்கிய சுவரில் வௌவால் எச்சத்தின் நெடி. அடியில் ஈரமணல்.

"மலிகா!"

"கத்தாத. இங்கதான் கீறேன்." மலிகாவின் குரல் நடுங்கியது. "காலு... யா அல்லா, காலு திரும்பிக்கிச்சுடி."

ஃப்ளோரன்ஸ் தடவிப் பார்த்தாள். கணுக்கால் அதற்குள் வீங்கியிருந்தது. தொட்டதும் மலிகா அலறி, அவள் தோளைக் கடித்துக்கொண்டு அழுதாள். ஃப்ளோரன்ஸ் தன் தாவணியைக் கிழித்து, மட்டை ஒன்றை அணையாக வைத்துக் காலைக் கட்டினாள். கட்டி முடிப்பதற்குள் மலிகா களைத்துச் சுவரில் தலை சாய்த்துக் கண்ணை மூடிவிட்டாள்.

அப்போதுதான் மேலே சத்தம் கேட்டது.

"ஃப்ளோரன்ஸ்! மலிகா! எங்கடி கீறீங்க?"

பெண்களின் குரல்கள். அருகிலேயே. சுவரின் கோடிக்கு வந்துவிட்டார்கள். சிஸ்டரின் குரலும் கேட்டது. ஃப்ளோரன்ஸ் வாயைத் திறந்தாள். மூச்சை இழுத்தாள்.

சத்தம் வரவில்லை. வராமல் இல்லை, அவள் விடவில்லை.

மேலே ஏறினால் படகு. படகுக்கு அப்பால் ரயில். ரயில் இறங்கினால் சந்து. சந்தின் கோடியில் வீடு. வீட்டில் புடவைத் திரை. அந்தத் திரைக்கு எந்தப் பக்கம் படுப்பது என்பது மட்டும்தான் மாறப்போகிறது. இங்கே யாரும் அவளை எதுவும் செய்யச் சொல்லவில்லை. இந்தக் குழிக்குள் அவளை யாருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம். இன்னும் கொஞ்சம் நேரம் மட்டும்.

"அந்தப் பக்கம் போயிருப்பாங்க சிஸ்டர், கடலாண்ட," என்று ஒரு பெண் சொன்னாள். காலடிகள் மணலில் சரசரத்துத் தேய்ந்தன.

மலிகாவின் கண்கள் திறந்திருந்தன. எப்போது திறந்தாள் என்று தெரியவில்லை.

"கூப்ட்டாங்க இல்ல?"

ஃப்ளோரன்ஸ் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"காதுல உயுந்துச்சு எனுக்கு. நீ ஏன்டி சொம்மா குந்திகினு கீற?"

"மேல போனா எனுக்குக் கண்ணாலம்," என்றாள் ஃப்ளோரன்ஸ். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. குழாயடியில் வராத அழுகை, அம்மாவிடம் வராத அழுகை. "எங்க அக்கா புருசன. அவ படுத்த எடத்துலயே என்னையும் படுக்கச் சொல்றாங்க. கொயந்தக்கோசரம்னு சொல்றாங்க. எனுக்குக் கொயந்த மேல ஆச கீது மலிகா, அதான் பேஜாரு. அத்த வெச்சே என்னியக் கட்டிப்போட்டாங்க."

மலிகா பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வாணாம்னு அவங்க கிட்ட சொன்னியா?"

"எப்பிடி சொல்றது?"

"அங்க வாயத் தொறக்க மாட்ட. இங்கயும் தொறக்க மாட்டியா? எனுக்கு இன்னாத்துக்குடி இந்தத் தண்டன?" மலிகாவின் குரல் உடைந்தது. "காலு ஒடஞ்சது தெரிஞ்சா எங்க அத்தா என்னிய இஸ்கூல வுட்டே நிறுத்திடுவாரு. எனுக்கும் மேல ஒண்ணும் விருந்து வெச்சிகினு இல்ல. ஆனா நான் சாவ மாட்டேன்டி இங்க. கூப்புடு."

ஃப்ளோரன்ஸ் எழுந்து நின்று கத்தினாள். சிஸ்டர் பெயரைச் சொல்லி, பெண்களின் பெயரைச் சொல்லி, பிறகு பெயர் எதுவும் சொல்லாமல். கூரை வளைவு அவள் குரலை அவளிடமே திருப்பிக் கொடுத்தது. மேலே கடல் இரைச்சல் மட்டும் இருந்தது. அவர்கள் உண்மையிலேயே போய்விட்டிருந்தார்கள்.

உட்கார்ந்திருந்த இடம் குளிர்ந்தபோதுதான் மலிகா கீழே பார்த்தாள். மணலிலிருந்து தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. ஆற்றில் கடல் ஏறும் நேரம்.

அதன்பிறகு ஃப்ளோரன்ஸ் யோசிக்கவில்லை. மலிகாவை மணல்மேட்டின்மேல் இழுத்து உட்காரவைத்தாள். மிச்சமிருந்த மட்டையை எடுத்துச் சுவரில் செங்கல் இடுக்குகளைக் குத்திக் கிளறினாள். சுண்ணாம்பு பொடிப்பொடியாக உதிர்ந்தது. கால் வைக்க ஒரு பொந்து, அதற்கு மேலே கை பிடிக்க ஒரு பொந்து. ஏறினாள். சுவர் உள்நோக்கி வளையும் இடத்தில் பிடி நழுவித் தண்ணீரில் விழுந்தாள். மறுபடி ஏறினாள், மறுபடி விழுந்தாள். தண்ணீர் கணுக்காலைத் தாண்டி ஏறியிருந்தது. நகங்கள் பிய்ந்து ரத்தம் வந்தது. மலிகா ஓதிக்கொண்டிருந்தாள், இடையிடையே, "அய்ய, எடது காலுடி, எடது காலத் தூக்கு," என்று அதட்டினாள்.

மூன்றாவது தடவையும் வளைவோடு நின்றுபோனது. மேலே ஏற முடியாது என்று தெரிந்ததும், ஒரு கையால் சுவரைப் பற்றிக்கொண்டு மறுகையால் மட்டையைக் கூரை ஓட்டைக்கு வெளியே நீட்டி ஆட்டினாள். கொடிகளை அடித்தாள். ஓட்டையின் ஓரச் செங்கலில் ஓங்கி ஓங்கித் தட்டினாள். தொண்டை கிழியக் கத்தினாள். எவ்வளவு நேரம் என்று இருவருக்குமே பிறகு சொல்லத் தெரியவில்லை.

"எவ அது அங்க?"

ஓட்டையில் ஒரு தலை தெரிந்தது. ஈரமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. முகத்துவாரத்தில் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்த சொக்கம்மாள் என்ற பெண். பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்தபடியேதான் கேட்டாள். அதைக் கீழே வைத்துவிட்டுத்தான் மறுபடி பேசினாள்.

"அடிப் பாவிங்களா! ஊரே அங்க கடலாண்ட மார்ல அட்ச்சிகினு கீது. இங்க இன்னா பண்றீங்க?"

அவள் போட்ட கூச்சலுக்குப் படகுக்காரர்கள் கயிற்றோடு ஓடிவந்தார்கள்.

முதலில் மலிகாவைக் கட்டி ஏற்றினார்கள். அவள் மேலே போய்ச் சேரும்வரை ஃப்ளோரன்ஸ் கீழேயிருந்து அவள் காலைத் தாங்கிப் பிடித்திருந்தாள். பிறகு கயிறு அவளுக்காக இறங்கியது. வெளிச்சத்துக்கு வந்ததும் கண் கூசியது. சிஸ்டர் ஊனா மணலில் மண்டியிட்டு மலிகாவை அணைத்துக்கொண்டிருந்தார். சிவந்தே இருக்கும் அந்த முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"நாங்கள் இவ்விடம் வந்து கூப்பிட்டோமே! நீங்கள் ஏன் மறுமொழி சொல்லவில்லை?"

ஃப்ளோரன்ஸின் உதடுகள் அசைந்தன. அதற்குள் மலிகா முந்திக்கொண்டாள்.

"காதுல உயுவல சிஸ்டர்."

திரும்பும் படகில் மலிகா ஃப்ளோரன்ஸின் மடியில் கால் நீட்டிப் படுத்திருந்தாள். யாரும் பாடவில்லை. அக்கரை தூரமானபோது மலிகா மெல்ல, "உனுக்கோசரம்தான் பொய் சொன்னேன். நீ உன் வூட்ல மெய் சொல்லு. இல்லனா நான் மெய் சொல்லிடுவேன்," என்றாள். அது மிரட்டலா வேடிக்கையா என்று ஃப்ளோரன்ஸுக்குப் புரியவில்லை. மலிகா கண்ணை மூடிக்கொண்டாள்.

*

வண்ணாரப்பேட்டை ரயிலடியில் ஜேக்கப் நின்றிருந்தான். பெண்கள் வரத் தாமதமானதால் அம்மா அனுப்பியிருக்கிறாள். சிஸ்டர் மலிகாவை ரிக்‌ஷாவில் ஏற்றி ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும் அவசரத்தில், "நீர் இவளுக்குச் சகோதரனா?" என்று கேட்டார். ஜேக்கப் ஒரு கணம் தயங்கினான். "இவளோட அக்கா வீட்டுக்காரன் சிஸ்டர்," என்றான்.

கிழிந்த தாவணியைப் பார்த்து அவன் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினான். இருவரும் நடந்தார்கள். அவன் முன்னால், அவள் பின்னால். கல்மண்டபம் தாண்டி ரயில்வே சுவரை ஒட்டிய பாதைக்கு வந்ததும் ஃப்ளோரன்ஸ் நின்றுவிட்டாள்.

"மாமா."

அவன் திரும்பினான்.

"எனுக்கு இந்தக் கண்ணாலம் வாணாம்."

ஒரு கூட்ஸ் வண்டி சுவருக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தது. அது போய் முடியும்வரை அவன் காத்திருந்தான்.

"உங்க அம்மா எங்கிட்டயும் கேக்கலை ஃப்ளோரன்ஸ்," என்றான் பிறகு. "குழந்தைக்கு நீதான் அம்மான்னாங்க. நான் பேசாம இருந்தேன். பேசாம இருந்தா சம்மதம்னு எடுத்துக்கிட்டாங்க."

"உங்களுக்கு இஷ்டமா?"

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். "உன்னப் பாக்கிறப்போ சில சமயம் அவ மாதிரியே இருக்கு. திரும்பி நடக்கிறப்போ. அதுக்கு இஷ்டம்னு பேர் வைக்கிறதான்னு எனக்குத் தெரியல."

"அதுக்குத்தான் சொல்றேன் மாமா. நான் அவ இல்ல."

"குழந்தை?" என்று கேட்டான்.

அவள் அவன் கொடுத்த துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.

வீட்டில் அம்மா முதலில் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு நடந்ததைக் கேட்டு விளக்குமாற்றை எடுத்தாள். பாஸ்கல் தடுத்தார். அடிக்கு ஃப்ளோரன்ஸ் பயப்படவில்லை. கல்யாணத்தைப் பற்றி அன்று சொல்ல முடியவில்லை, மறுநாளும் முடியவில்லை. சந்துக்குள் வந்ததும் வாய் பழையபடி பூட்டிக்கொண்டது. குழந்தை அவள் பிய்ந்த நகங்களைப் பிடித்துப் பார்த்து "ஊ" என்று ஊதியது.

அவள் வாயைத் திறந்தது பங்குச் சாமியார் முன்னால்தான். மனைவியின் தங்கையை மணக்க மேற்றிராணியாரின், அதாவது பிஷப்பின், உத்தரவு வேண்டும். அதற்கு எழுதுமுன் சாமியார் இருவரையும் கூப்பிட்டு விசாரிப்பது வழக்கம். அம்மாவும் கூடவே வந்து உட்கார்ந்தாள்.

"உனக்கு முழுச் சம்மதமா மகளே? யாரும் கட்டாயப்படுத்தவில்லையே?" சாமியார் வழக்கமாகக் கேட்பதுபோலத்தான் கேட்டார். பேனா ஏற்கெனவே கையில் இருந்தது.

"இல்ல சாமி."

"கட்டாயம் இல்லை. நல்லது."

"சம்மதம் இல்ல சாமி."

அம்மா அவள் கையைப் பிடித்துக் கிள்ளினாள். "சின்னப் பொண்ணு சாமி, புத்தி இல்லாம பேசுது. எண்ணூர்ல உயுந்ததுல இருந்து ஒரு மாதிரி கீது."

"சம்மதம் இல்ல," என்றாள் ஃப்ளோரன்ஸ் மறுபடி. அம்மாவின் கையை விலக்கினாள். "கொயந்தய நான் பாத்துக்கறேன். எவ்ளோ நாளு வேணா பாத்துக்கறேன். இவரக் கட்டிக்க மாட்டேன்."

சாமியார் ஜேக்கப்பைப் பார்த்தார். அவன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான்.

"அவ சொல்றது சரிதான் சாமி. எனக்கும் வேண்டாம்."

சாமியார் பேனாவை மூடினார். வெளியே வந்ததும் அம்மா நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டாள். "என் ரோசியே, ஒன் கொயந்தய அனாதயாக்கிட்டாளே," என்று அவள் அழுததைக் கேட்டுக் கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்றுக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

குழந்தையைத் தான் பார்த்துக்கொள்வதாக ஃப்ளோரன்ஸ் சொன்னது நடக்கவில்லை. கல்யாணம் இல்லை என்றானபிறகு வயதுவந்த பெண் இருக்கும் வீட்டில் ஜேக்கப் தங்கமுடியாது. அவன் அரக்கோணத்துக்கு மாற்றல் கேட்டான். அங்கே அவன் தங்கைக்குக் குழந்தை இல்லை. அவன் கிளம்பிய காலையில் ஃப்ளோரன்ஸ்தான் லூர்துமேரியைக் குளிப்பாட்டி, பொட்டுவைத்து, கவுன் மாட்டினாள். சந்து முனையில் ரிக்‌ஷா நின்றது. ஜேக்கப் கையை நீட்டியதும் குழந்தை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. விரல் விரலாகப் பிரிக்கவேண்டியிருந்தது. பிரித்தவளும் அவள்தான். ரிக்‌ஷா கல்மண்டபம் பக்கம் திரும்பும்வரை "ம்மா, ம்மா" என்ற குரல் கேட்டது.

அம்மா அதற்குப்பின் அவளோடு பேசவில்லை. சோற்றைப் போட்டுத் தட்டைத் தரையில் நகர்த்துவாள். பாஸ்கல் மட்டும் ஒருநாள் வேலைக்குக் கிளம்பும்போது, "பரிச்சைக்குப் படி," என்று சொல்லிவிட்டுப் போனார். திரை அப்படியே கட்டிக்கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை என்றாலும் யாரும் அவிழ்க்கவில்லை.

பரீட்சைக்கு மலிகா வந்தாள். காலில் மாவுக்கட்டு, கூட ஒரு அம்மாள் துணை. வீட்டில் எல்லாம் தெரிந்துபோய்ப் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். பரீட்சை எழுத மட்டும் சிஸ்டர் நேரில் போய் மன்றாடி அனுமதி வாங்கியிருந்தார். தாழ்வாரத்தில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சொன்னியா?" என்று மலிகா உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள்.

ஃப்ளோரன்ஸ் தலையாட்டினாள். மலிகாவின் முகம் மலர்ந்தது. துணைக்கு வந்த அம்மாள் அவள் தோளைத் தொட்டு உள்ளே அழைத்துப்போனாள்.

ஈஸ்டருக்கு ஜேக்கப் குழந்தையை அழைத்துக்கொண்டு வந்தான். அவன் தங்கையும் கூட வந்திருந்தாள். கொழுகொழுவென்று ஆகியிருந்த லூர்துமேரி அந்தப் பெண்ணின் இடுப்பில் இருந்தாள். ஃப்ளோரன்ஸ் கைகளை நீட்டினாள். குழந்தை அவளை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பி, "ம்மா," என்று சொல்லி அந்தப் பெண்ணின் தோளில் புதைத்துக்கொண்டது.

"புது எடம், அதான். இப்போ வந்துடுவா," என்றாள் அந்தப் பெண் சங்கடத்தோடு.

"பரவால்ல அக்கா, வுடுங்க," என்றாள் ஃப்ளோரன்ஸ். நீட்டிய கைகளை மடக்கிக்கொண்டு உள்ளே போய், வந்தவர்களுக்குக் காப்பி போட அடுப்பைப் பற்றவைத்தாள். புகை கண்ணில் ஏறியது. வெளியே குழந்தை எதற்கோ சிரித்தது. அவள் பாலை ஊற்றி, அது பொங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.